மெல்பர்ன் குளிரில் உணவு மீன்: கொல்லைப்புற அக்வாபோனிக்ஸுக்கு எந்த மீன், எப்போது, எப்படி

எங்கள் வீடு மெல்பர்னின் மேற்குப் புறநகரில் இருக்கிறது. கொல்லையில் ஆயிரம் லிட்டர் ஐபிசி தொட்டிகள் (கம்பிக்கூண்டுக்குள் இருக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள்) இரண்டு, அவற்றின் தண்ணீர் ஏறி இறங்கும், கல் நிரப்பிய செடிப்படுகைகள் நான்கு. மீன் கழிவில் செடி வளரும், செடிப்படுகை தண்ணீரைச் சுத்தம் செய்து மீனுக்குத் திருப்பித் தரும். இதுதான் அக்வாபோனிக்ஸ். முதல் வருடம் முப்பது சில்வர் பெர்ச் குஞ்சு விட்டோம். அந்த ஜூன், ஜூலைக் குளிர்காலத்தில் பதினொன்று செத்துப்போயின. தொட்டி வெட்டுவது, குழாய் பொருத்துவது எல்லாம் எங்கே தேடினாலும் படத்தோடு கிடைத்தது. குளிரில் மீனை வைத்துக்கொள்வது எப்படி என்பதை மட்டும் மீனைப் பறிகொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். இப்போது நான்கு குளிர்காலம் முடிந்துவிட்டது. கடைசி இரண்டில் ஒரு மீன்கூடச் சாகவில்லை.

தொட்டி கட்டும் முறையை இங்கே சொல்லப்போவதில்லை. தொட்டியைக் கட்டிவிட்டு, அல்லது கட்ட இடம் பார்த்துவிட்டு, "சரி, என்ன மீன் விடலாம்?" என்று நிற்பவருக்காக எழுதுகிறேன். விலைகள் நான் கொடுத்தவை, ஆஸ்திரேலிய டாலரில். நீங்கள் வாங்கும்போது கொஞ்சம் ஏறியிருக்கும்.

1. மீனுக்கு முன்னால் ஒரு வெப்பமானி

பத்து, பதினைந்து டாலருக்கு நீண்ட கம்பியோடு டிஜிட்டல் வெப்பமானி கிடைக்கும். அதன் முனையைத் தொட்டியின் நடு ஆழத்தில் தொங்கவிட்டு, காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை எழுதி வையுங்கள். காற்றின் வெப்பநிலையைச் செல்போன் சொல்லும். உங்கள் தொட்டித் தண்ணீரின் வெப்பநிலையை வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் தொட்டியில் ஜனவரி பிற்பகலில் 26 டிகிரி வரை ஏறுகிறது. ஏப்ரல் நடுவில் 17, ஜூன் தொடக்கத்தில் 12. ஜூலையில் விடியற்காலை 8 வரை இறங்கும். இந்த நான்கு எண்ணும் கையில் இருந்தால் மீன் தேர்வு பாதி முடிந்த மாதிரி. நிழலில் இருக்கும் தொட்டி, மண்ணில் பாதி புதைத்த தொட்டி, வடக்கு வெயில் படும் தொட்டி என்று ஒவ்வொன்றும் மாறும். அதனால் பக்கத்து வீட்டுக் கணக்கை நம்பாதீர்கள்.

2. ஊர் மீன் நினைப்பை ஓரமாக வையுங்கள்

நம்மில் பலருக்கு முதலில் தோன்றுவது ஜிலேபி கெண்டைதான். கிணற்றில் விட்டாலும் வளரும், எதைப் போட்டாலும் தின்னும். அக்வாபோனிக்ஸ் பற்றிய அமெரிக்க வீடியோ எதைப் பார்த்தாலும் அதே மீன்தான், திலாப்பியா என்ற பெயரில். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் அதை வைத்திருப்பதே குற்றம். தீங்கு மீன் பட்டியலில் இருக்கிறது. மற்ற மாநிலங்களிலும் இதே கதைதான். விரால் வகைகளுக்கும் தடை. ரோகு, கட்லா இங்கே குஞ்சாகக் கிடைக்காது.

கெண்டையில் இன்னொரு பொறி இருக்கிறது. அலங்காரத்துக்கு வளர்க்கும் கோய் மீனும் கெண்டை இனம்தான். நியூ சவுத் வேல்ஸில் அதை வளர்க்கலாம், விக்டோரியாவில் கூடாது. சிட்னியிலிருந்து வீடு மாறி வருபவர் யாராவது "இலவசமாகத் தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்" என்றால் வாங்கிவிடாதீர்கள். தங்கமீனுக்குத் தடை இல்லை. புதுத் தொட்டியைப் பழக்க நான்கைந்து தங்கமீன் விடுபவர்கள் உண்டு.

ஆற்றிலோ ஏரியிலோ பிடித்த மீனையும் தொட்டியில் விட வேண்டாம். நோய் வருவது ஒரு காரணம். காட்டு சில்வர் பெர்ச் இன்று மிகவும் அருகிப்போன இனம் என்பது இன்னொரு காரணம். பொரிப்பகத்தில் வாங்கிய குஞ்சை வளர்த்துச் சாப்பிடத் தடையில்லை.

3. மெல்பர்னுக்குச் சரிப்படும் மீன்கள்

இரண்டு வழிதான் உண்டு. குளிரைத் தாங்கி உறங்கிக் கிடக்கும் மீனை வருடம் முழுக்க வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் குளிரிலேயே வளரும் மீனைக் குளிருக்கு மட்டும் விட்டு, வெயில் வருமுன் சாப்பிட்டுவிடலாம். நான் இரண்டையும் செய்கிறேன்.

சில்வர் பெர்ச் முதல் வகை. மர்ரே-டார்லிங் ஆற்றுப்படுகையின் மீன். தாவரமும் தின்னும், தீவனக் குருணையும் தின்னும். அதிகம் முரண்டு பிடிக்காது. 23 முதல் 28 டிகிரியில் நன்றாக வளரும். 5 டிகிரிக்குக் கீழே போனாலும் உயிர் தாங்கும். ஆனால் 14, 15 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். வெயில் மாநிலமான குயின்ஸ்லாந்துக்காரர் ஒன்றரை வருடத்தில் அரைக் கிலோ மீன் எடுத்தேன் என்பார். மெல்பர்னில் இரண்டரை வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது தெரியாமல்தான் பலர் முதல் குளிர்காலம் முடிந்ததும் "மீன் வளரவே இல்லை" என்று தீவனத்தைக் கூட்டித் தண்ணீரைக் கெடுக்கிறார்கள்.

ரெயின்போ ட்ரவுட் இரண்டாவது வகை. 10 முதல் 16 டிகிரி அதற்குச் சுகம். நம் ஜூலைத் தண்ணீர் அதற்குப் பண்டிகை. ஏப்ரல் கடைசியில் 80 கிராம் மீனாக விட்டால் நவம்பரில் 400, 450 கிராம் வந்துவிடும். வேகத்தில் இதற்கு இணை வேறு இல்லை. ஆனால் 20 டிகிரி தாண்டினால் தீவனத்தைத் தொடாது, 24, 25-ல் செத்துவிடும். தண்ணீரில் ஆக்சிஜனும் நிறைய வேண்டும். காற்றுக்கல் (காற்று பம்பின் காற்றைக் குமிழியாகப் பரப்பும் கல்) ஒன்று போதாது, இரண்டு போடுங்கள்.

மர்ரே காட் ருசியான மீன், குளிரும் தாங்கும். ஆனால் ஒன்றையொன்று தின்னும். அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு தொட்டி மட்டும் இருப்பவருக்கு அது பெரிய வேலை. கோல்டன் பெர்ச்சும் குளிர் தாங்கும், ஆனால் குருணைத் தீவனத்துக்குப் பழக்குவது கடினம்.

பாரமுண்டியும் ஜேட் பெர்ச்சும் பெயர் கேட்டாலே ஆசை வரும். நம் ஊர்க் கொடுவாதான் இங்கே பாரமுண்டி. கொடுவாக் குழம்பு சாப்பிட்டவருக்கு ஆசை வராமல் எப்படி? இரண்டுமே வெப்ப மீன். பாரமுண்டி 20 டிகிரிக்குக் கீழே தின்பதை நிறுத்திவிடும், இன்னும் ஐந்தாறு டிகிரி இறங்கினால் செத்துவிடும்.

"ஹீட்டர் போட்டால்?" என்று நானும் யோசித்தேன். கணக்கைப் பாருங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீரைப் 10 டிகிரி ஏற்ற ஏறக்குறைய 11.6 யூனிட் மின்சாரம் வேண்டும். அது ஒரு தடவைச் செலவுதான். அப்புறம் தொட்டிச் சுவர் வழியாக நாள் முழுக்க வெப்பம் போய்க்கொண்டே இருக்கும். சுற்றிலும் எதுவும் கட்டாத தொட்டியை வெளியைவிடப் பன்னிரண்டு டிகிரி சூடாக வைக்க, என் கணக்கில் நாளுக்கு 9 யூனிட்டுக்கு மேல். யூனிட் 30 சென்ட் என்றால் மாதம் 80 டாலர் தாண்டும். இதில் செடிப்படுகையில் போகும் வெப்பத்தைச் சேர்க்கவே இல்லை. மூன்று மாதத்துக்கு 250 டாலர் கொடுத்து இருபது மீனைக் காப்பதற்கு, அந்தப் பணத்தில் சந்தையில் பாரமுண்டியே வாங்கிவிடலாம். சூடாக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, தண்ணீர் எப்படி இருக்கிறதோ அதற்கேற்ற மீனை விடுங்கள்.

4. காகித வேலை

இது நான் பயந்த அளவுக்கு இல்லை. விக்டோரியாவில் வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் தொட்டியில் மீன் வளர்க்க, மீன் வளர்ப்பு உரிமம் தேவைப்படவில்லை. விற்பதென்றால் உரிமம் வேண்டும். கோயில் திருவிழாக் கடையிலோ நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவிலோ "கிலோ இத்தனை டாலர்" என்று போட்டாலும் அது விற்பனைதான்.

நான்கு காகிதங்களை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

முதலாவது, குஞ்சு வாங்கிய ரசீது. அதில் மீனின் இனம், எண்ணிக்கை, தேதி, பொரிப்பகத்தின் பெயர் நான்கும் இருக்க வேண்டும். "மீன் குஞ்சு, 60 டாலர்" என்று மொட்டையாக எழுதித் தந்தால் திருப்பிக் கொடுத்து எழுதி வாங்குங்கள். இது வளர்ப்பு மீன், ஆற்று மீன் இல்லை என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சான்று இதுதான்.

இரண்டாவது, வாடகை வீடாக இருந்தால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம். இரண்டு தொட்டி நிறையத் தண்ணீரும் கல்லும் சேர்ந்தால் மூன்று டன் தாண்டும். மரப்பலகைத் தளத்தின் மேல் வைக்கவே கூடாது.

மூன்றாவது, பழைய ஐபிசி தொட்டியின் லேபிளைப் படம் எடுத்தது. உள்ளே முன்பு என்ன இருந்தது என்று அதில் இருக்கும். உணவு எண்ணெய், பழச்சாறு, கிளிசரின் என்றால் சரி. லேபிளைக் கிழித்துவிட்டு விற்பவரிடம் வாங்க வேண்டாம்.

நான்காவது, வேறு மாநிலத்திலிருந்து குஞ்சு வரவழைப்பதென்றால், விக்டோரிய மீன்வள ஆணையத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்ட பதில். பணம் கட்டுமுன் கேளுங்கள். உள்மாநிலப் பொரிப்பகத்திலேயே வாங்கினால் இந்த அலைச்சல் இல்லை, பயண நேரமும் குறையும்.

5. செலவு

ஒரு தொட்டியும் இரண்டு படுகையும் உள்ள தொடக்க அமைப்புக்கு எனக்கு ஆனது இது. உணவுத் தரப் பழைய ஐபிசி இரண்டு, 240 டாலர் (ஒன்று மீனுக்கு, இன்னொன்றை வெட்டிப் படுகைக்கு). மணிக்கு மூவாயிரம் லிட்டர் பம்ப், 110. பேட்டரியோடு காற்று பம்ப், 130. குழாய், மணி சைஃபன் (படுகை நிறைந்ததும் தண்ணீரைத் தானாகத் தொட்டிக்கு இறக்கும் அமைப்பு), டைமர், 90. திரவச் சொட்டுப் பரிசோதனைக் கிட், 55. கல்லுக்கு 70.

கல்லில் ஒரு சேமிப்பு உண்டு. கடையில் களிமண் உருண்டை ஐம்பது லிட்டர் பை 35 டாலர். படுகையை நிரப்பப் பத்துப் பைக்கு மேல் வேண்டும். மெல்பர்னுக்கு மேற்கே எரிமலைச் சமவெளி என்பதால் ஸ்கோரியா கல் மலிவு. 20 மில்லிமீட்டர் அளவு கேளுங்கள். ஒரு வாளியில் போட்டுக் கழுவிக் கழுவி ஊற்ற வேண்டும். சிவப்புத் தண்ணீர் தெளிய எனக்கு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. சுண்ணாம்புக்கல் கலந்ததா என்று பார்க்க, ஒரு கல்லில் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் வேண்டாம்.

துத்தநாகப் பூச்சுள்ள குழாய், தகரம், செம்பு இணைப்பு எதுவும் தண்ணீரில் படக்கூடாது. மீனுக்கு விஷம்.

ஓடும் செலவு குறைவுதான். இரண்டு பம்பும் சேர்ந்து 60 வாட். மாதம் 13 டாலர்.

6. தண்ணீரைக் கோடையிலேயே பழக்குங்கள்

மீன் கழிவில் வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லில் குடியேற வேண்டும். தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் இருந்தால் நான்கு முதல் ஆறு வாரம் போதும். 10 டிகிரியில் அவை ஏறக்குறைய தூங்கிவிடும். ஜூன் மாதம் தொட்டி கட்டி, ஜூலையில் மீன் விட்டு, ஆகஸ்டில் அழுத நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் பழக்கி முடித்துவிடுங்கள்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். பீப்பாயில் பிடித்து ஒருநாள் காற்றடித்த பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும்.

மெல்பர்ன் தண்ணீர் மிகவும் மென்மையானது. குடிக்க நல்லது, ஆனால் மீன்தொட்டியில் பி.எச். (தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண், அமிலம் கூடினால் இது குறையும்) சரிவதைத் தடுக்க அதில் சரக்கே இல்லை. பாக்டீரியா வேலை செய்யச் செய்யத் தண்ணீரில் அமிலம் ஏறும். பி.எச். 6-க்குக் கீழே போனால் பாக்டீரியா வேலையைக் குறைத்துவிடும், அமோனியா ஏறும். குளிர்கால மழை திறந்த படுகையில் விழுந்து இதை இன்னும் மோசமாக்கும். ஒரு வலைப்பையில் இரண்டு கைப்பிடி சிப்பித்தூள் போட்டுத் தண்ணீர் விழும் இடத்தில் தொங்கவிடுங்கள். அதுவும் போதாவிட்டால் பொட்டாசியம் பைகார்பனேட் ஒரு தேக்கரண்டி கரைத்து ஊற்றி மறுநாள் பாருங்கள். 6.8-க்கும் 7.2-க்கும் நடுவில் நின்றால் போதும். ஒரே நாளில் தூக்கி நிறுத்தப் பார்க்காதீர்கள்.

7. குஞ்சு வாங்குவது

சில்வர் பெர்ச் கோடையில் பொரிக்கும். டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை விரலளவுக் குஞ்சு கிடைக்கும், ஒன்று 2 டாலர். ஜனவரியிலேயே வாங்குங்கள். ஏப்ரலில் வாங்கிய ஐந்து கிராம் குஞ்சு உடம்பில் கொழுப்புச் சேருமுன் குளிர் வந்துவிடும். முதல் வருடம் நான் வாங்கியது மார்ச் கடைசியில். செத்த பதினொன்றில் பெரும்பாலானவை சிறியவை.

ட்ரவுட் ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில். தண்ணீர் காலையும் மாலையும் 18-க்குக் கீழே ஒரு வாரம் நின்ற பிறகே போங்கள். 80 கிராம் மீன் ஒன்று 4 டாலர் 50 சென்ட்.

எத்தனை? ஆயிரம் லிட்டருக்கும் இரண்டு படுகைக்கும் இருபது. முப்பது விடலாம் என்று விற்பவர் சொல்வார். கோடையில் விடலாம்தான். குளிரில் பாக்டீரியா கால்வாசி வேகத்தில் வேலை செய்யும்போது அந்தப் பத்து மீன் கணக்கில் வரும்.

பொரிப்பகத்தில் ஆக்சிஜன் நிரப்பிய பையில் கட்டித் தருவார்கள். குளிர்ப்பெட்டியில் வைத்து நேராக வீட்டுக்கு வாருங்கள். பையைத் திறக்காமல் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்க விடுங்கள். அப்புறம் திறந்தவுடன் மீனை வலையால் அள்ளித் தொட்டியில் விட்டுவிடுங்கள். பைத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். திறந்து வைத்துக்கொண்டு தொட்டித் தண்ணீரை ஒவ்வொரு குவளையாக ஒரு மணி நேரம் சேர்ப்பது தவறு. நீண்ட பயணத்தில் பைக்குள் அமோனியாவும் கரியமில வாயுவும் சேர்ந்திருக்கும். திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும், அதுவரை சாதுவாக இருந்த அமோனியா விஷமாகும்.

இரண்டு இனத்தையும் ஒரே தொட்டியில் விடாதீர்கள். ட்ரவுட் சிறிய பெர்ச்சைத் தின்றுவிடும். எங்கள் வீட்டில் முதல் தொட்டி எப்போதும் பெர்ச்சுக்கு. இரண்டாவதில் மே முதல் நவம்பர் வரை ட்ரவுட், ஜனவரி முதல் ஏப்ரல் வரை புதுப் பெர்ச் குஞ்சு. ஏப்ரல் நடுவில் அவற்றை முதல் தொட்டிக்கு மாற்றிவிடுகிறேன். அந்தத் தேதியை ஏன் இறுக்கமாகப் பிடிக்கிறேன் என்பது ஒன்பதாவது படியில் தெரியும்.

8. ஏப்ரலில் செய்ய வேண்டியவை

தொட்டியைச் சுற்றி 50 மில்லிமீட்டர் தெர்மகோல் பலகை கட்டுங்கள். வெளியே கறுப்புப் பாலித்தீன் சுற்றினால் பலகை வெயிலில் உதிராது, பாசியும் பிடிக்காது. மேலே அதே பலகையில் மூடி. காற்றும் தீவனமும் போக ஒரு மூலை திறந்திருக்கட்டும். எனக்கு ஆன செலவு 85 டாலர். விடியற்காலை வெப்பநிலை 8-லிருந்து 10-க்கு வந்தது. இரண்டு டிகிரிதானே என்று நினைக்காதீர்கள். மீனைக் கொல்வது ஒரே இரவில் நாலைந்து டிகிரி விழுவதுதான். மெதுவாக இறங்கினால் 8-ஐயும் தாங்கும்.

மூடிக்கு மேல் கனமான கம்பி வலை போட்டுக் கொக்கி மாட்டுங்கள். இரண்டு மீனும் துள்ளும். கொக்கும் பூனையும் வரும். எல்லாவற்றையும்விட, அக்கம்பக்கத்துக் குழந்தை எட்டிப் பார்க்கும்.

படுகையின் மேல் வளைகுழாய் நட்டுப் பாலித்தீன் கூடாரம் போடுங்கள். செடிப்படுகை இரவில் குளிர்விப்பான் மாதிரி வேலை செய்யும். தொட்டித் தண்ணீர் ஏறிக் குளிர்ந்த கல்லில் பரவி, வெப்பத்தையெல்லாம் விட்டுவிட்டு இறங்கும். அதனால் மே முதல் ஆகஸ்ட் வரை பம்ப் டைமரை மாற்றுங்கள். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை மணிக்குப் பதினைந்து நிமிடம் இரண்டு தடவை. இரவில் இரண்டு மணிக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம். கல் ஈரமாக இருந்தால் பாக்டீரியாவுக்குப் போதும். காற்று பம்பை மட்டும் எக்காரணத்துக்கும் நிறுத்தாதீர்கள்.

படுகையில் கத்தரியும் மிளகாயும் ஏப்ரலில் முடிந்துவிடும். அவற்றைப் பிடுங்கிவிட்டுக் கொத்தமல்லி, வெந்தயக் கீரை, பட்டாணி, பாலக் போடுங்கள். ஊரில் கொத்தமல்லி இவ்வளவு செழித்து நான் பார்த்ததில்லை. செடியே இல்லாமல் விட்டால் நைட்ரேட் ஏறிக்கொண்டே போகும்.

9. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை: பெர்ச்சைத் தொடாதீர்கள்

என் முதல் குளிர்காலத்தின் தவறை இங்கே எழுதியாக வேண்டும். ஜூன் இரண்டாவது சனிக்கிழமை, தண்ணீர் 11 டிகிரி. மீன் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க ஆசை. வலை போட்டு ஒவ்வொன்றாகப் பிடித்து, ஈரத் துண்டில் வைத்து, சமையலறைத் தராசில் எடை பார்த்து, திரும்ப விட்டேன். மகள் நோட்டில் எழுதினாள். ஐந்தாம் நாள் காலையில் ஒரு மீனின் முதுகுத் துடுப்புக்குக் கீழே வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியது போல் இருந்தது. தூசி என்று நினைத்தேன். மறுநாள் அந்தப் பஞ்சு பழுப்பாகிக் கட்டைவிரல் அகலம் பரவியிருந்தது. அதற்குள் இன்னும் மூன்று மீனில் வெள்ளைப் புள்ளி. அவை தீவனத்துக்கு வரவில்லை, மூலையில் சாய்ந்து நின்றன.

அது சப்ரோலெக்னியா. பூஞ்சை போன்ற ஓர் உயிரி, பூஞ்சை என்றே சொல்வது வழக்கம். குளிரில் மீனின் எதிர்ப்புச் சக்தி தூங்கிவிடுகிறது. வலை உரசிய இடத்தில் மேல்வழுவழுப்பு போய், பூஞ்சை உட்கார இடம் கிடைத்துவிடுகிறது. சில்வர் பெர்ச்சுக்குக் குளிர்காலத்தில் பெரிய எதிரி இதுதான். அதனால் தண்ணீர் 15-க்குக் கீழே இறங்கிவிட்டால் பெர்ச்சைப் பிடிப்பது, எடை பார்ப்பது, தொட்டி மாற்றுவது எதுவும் கூடாது. எல்லாவற்றையும் ஏப்ரல் நடுவுக்குள் முடித்துவிடுங்கள்.

தீவனத்தை வெப்பமானியைப் பார்த்துப் போடுங்கள். பெர்ச்சுக்கு 20 டிகிரிக்கு மேல் மொத்த எடையில் நூற்றுக்கு இரண்டு. 150 கிராம் மீன் இருபது என்றால் நாளுக்கு 60 கிராம். 15 முதல் 20 வரை அதில் பாதி. 12 முதல் 15 வரை மூன்று நாளுக்கு ஒருமுறை, மதியம், ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. அதற்கும் கீழே நிறுத்திவிடுங்கள். வெயிலடிக்கும் மதியத்தில் மேலே வந்து வாய் திறந்தால் ஒரு சிட்டிகை போடலாம். மீன் பட்டினி கிடக்கிறதே என்று மனம் கேட்காது. எனக்கும் கேட்கவில்லை. ஆனால் குளிரில் செரிமானமே ஓடுவதில்லை. தின்னாத தீவனம் அடியில் அழுகும். ஏப்ரலில் நன்றாகத் தின்ற மீன் மூன்று மாதம் தாங்கும்.

ட்ரவுட் இதற்கு நேர் எதிர். அந்தத் தொட்டியில் இதே மாதங்களில் தினம் இரண்டு வேளை, எடையில் நூற்றுக்கு ஒன்றரை. இதனால்தான் குளிரிலும் படுகைக்கு உணவு கிடைக்கிறது, பாக்டீரியாவும் உயிரோடு இருக்கிறது. பெர்ச் மட்டும் வைத்திருந்த முதல் வருடத்தில் ஆகஸ்டில் கீரை வெளிறிப்போனது. ட்ரவுட் வந்த பிறகு அந்தப் பிரச்சினை இல்லை.

வாரம் ஒருமுறை பி.எச்., அமோனியா, நைட்ரைட் பாருங்கள். மின்சாரம் போகும் இரவுக்குக் காற்று பம்பின் பேட்டரி வேலை செய்கிறதா என்று மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள்.

10. பஞ்சு தெரிந்தால்

உப்புதான் முதல் மருந்து. அயோடின் சேர்க்காத, வேறு எதுவும் கலக்காத நீச்சல்குள உப்பு. ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிலோ போட்டால் லிட்டருக்கு ஒரு கிராம். இரண்டு நாளில் மூன்று தவணையாகப் போட்டு, லிட்டருக்கு 3 கிராம் வரை கொண்டுபோகலாம். மீனுக்கு ஒன்றும் ஆகாது. ஸ்ட்ராபெரி, பட்டாணி வாடும். அதனால் நோயுற்ற மீன் ஒன்றிரண்டுதான் என்றால், 200 லிட்டர் பீப்பாயில் அதே வெப்பநிலைத் தண்ணீர் எடுத்துத் தனியே வைத்து அங்கே உப்புப் போடுங்கள். அள்ளும்போது வலை வேண்டாம், வாளியால் தண்ணீரோடு அள்ளுங்கள்.

செல்லப்பிராணிக் கடையில் பூஞ்சைக்கு நீலமாகவோ பச்சையாகவோ மருந்து தருவார்கள். அலங்கார மீனுக்கு அது சரி. மாலகைட் பச்சை போன்றவை சாப்பிடும் மீனுக்குக் கூடவே கூடாது. படுகையில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் ஆகாது. "உணவு மீன்" என்று கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

11. செப்டம்பரிலிருந்து

செப்டம்பரில் தண்ணீர் 13, 14-க்கு ஏறும். இரண்டு நாள் வெயிலைப் பார்த்துப் பெர்ச்சுக்குத் தீவனத்தை ஒரேயடியாகக் கூட்டாதீர்கள். பாக்டீரியா விழிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அந்த இடைவெளியில்தான் நைட்ரைட் ஏறும். பம்ப் டைமரைப் பழையபடி மாற்றி, தெர்மகோலை மட்டும் விட்டுவையுங்கள். கோடையில் தண்ணீர் சூடாகாமலும் அதுவே காக்கும்.

ட்ரவுட்டுக்கு நாள் எண்ணத் தொடங்குங்கள். மெல்பர்ன் கப் குதிரைப் பந்தயம் நவம்பர் முதல் செவ்வாய். அந்த வாரம் முதல் வாரத்துக்கு ஐந்தாறு மீன் என்று எடுத்து, மாதக் கடைசிக்குள் தொட்டியைக் காலிசெய்கிறேன். "இன்னும் ஐம்பது கிராம் ஏறட்டும்" என்று ஒரு வருடம் காத்திருந்தேன். 36 டிகிரி அடித்த ஒரு நாள், மதியம் மூன்று மணிக்குத் தொட்டி 23. ஏழு ட்ரவுட்டும் தண்ணீர் விழும் குழாய்க்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி, செவுள் படபடக்க வாயைத் திறந்து திறந்து மூடின. உறையவைத்த பால் பாட்டில்களைப் போட்டேன். ஆயிரம் லிட்டரை ஒரு டிகிரி இறக்கவே பத்துக் கிலோ ஐஸ் வேண்டும், என்னிடம் ஆறு பாட்டில் இருந்தது. மூன்று மீனைக் காப்பாற்ற முடியவில்லை.

எடுப்பதற்கு முன் மீனைச் சுத்தத் தண்ணீரில் தீவனமில்லாமல் வையுங்கள். ட்ரவுட்டுக்கு இரண்டு நாள், பெர்ச்சுக்கு ஐந்து நாள். லிட்டருக்கு ஐந்து கிராம் உப்பும் காற்றும் இருக்கட்டும். இதைச் செய்யாவிட்டால் பெர்ச்சில் மண்வாசனை அடிக்கும், எத்தனை புளி ஊற்றினாலும் போகாது. மீனைத் தலையில் ஓங்கி ஒரே அடியாக அடித்து உணர்விழக்கச் செய்து, செவுளை வெட்டி, ஐஸ் தண்ணீரில் போடுங்கள். துடிக்க விட்டால் மீனுக்கும் வேதனை, சதையும் கெடும்.

போன வருடம் இருபது ட்ரவுட்டுக்கு 90 டாலர், ஒன்பது கிலோ தீவனத்துக்கு 45. கிடைத்தது ஒன்பது கிலோ மீன். பெர்ச்சில் கொழுப்பு அதிகம், மிளகுக் குழம்புக்கு எடுக்கும். ட்ரவுட்டின் சதை மெல்லியது. குழம்பில் கரைந்துவிடும், வறுவலுக்கே வையுங்கள்.

தொட்டி காலியானதும் அடியில் சேர்ந்த கசடை உறிஞ்சிக் குழாய் வழியாகத் தோட்டத்துக்கு விட்டு, பாதித் தண்ணீரை மாற்றுங்கள். ஜனவரிப் பெர்ச் குஞ்சுக்குப் பொரிப்பகத்தில் அக்டோபரிலேயே பெயர் கொடுத்துவிட வேண்டும். டிசம்பரில் கூப்பிட்டால் தீர்ந்துவிட்டது என்பார்கள்.